டாட்சன் 1200-க்கு முதலில் எது: 1400 எஞ்சினா, ஐந்து கியர் பெட்டியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடல்மட்டத்தில் கிளம்பும் வண்டி ஏறத்தாழ 570 கி.மீ. ஓடி, 1,700 மீட்டருக்கு மேல் ஏறித்தான் ஜொகன்னஸ்பர்க்கில் நிற்கிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்குள் கடைகண்ணிக்குப் போய்வரும்வரை குறை தெரியாத பழைய டாட்சன் 1200 வண்டியின் சாயம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் (Town Hill) ஏற்றத்தில் வெளுத்துவிடும். இரண்டு மாற்றமும் செய்யக் காசிருந்தால் பேச்சே இல்லை. ஒன்றுதான் முடியும் என்பவருக்கே இந்த அலசல். பொருள் கிடைக்குமிடம் இரண்டுக்கும் ஒன்றுதான்: 2008 வரை ரோஸ்லினில் தயாரான நிஸான் 1400 பக்கி, அதாவது சிறிய பிக்கப் வண்டி.

கியர் பெட்டியின் வாதம் கணக்கில் இருக்கிறது. 155 அகல 12 அங்குல டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.7 மீட்டர் ஓடும். பின் டிஃப் (பின் அச்சிலுள்ள டிஃபரென்ஷியல்) விகிதம் 3.9 என்றால், நான்காவது கியரில் 120 கி.மீ. வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்கு 4,600 சுற்று சுற்ற வேண்டும். அதே சுற்றில் ஆறு மணி நேரம் ஓட்டினால் எண்ணெய் சூடாகி மெலியும், பெட்ரோல் கரையும், காதும் போகும். 0.8 விகிதத்தை ஒட்டிய ஐந்தாவது கியர் இருந்தால் இது 3,700-க்கு இறங்கிவிடும். டிஃப்பை மட்டும் 3.7 ஆக்கினால் 4,350-தான் வரும். அதோடு முதல் கியரும் இழுவை இழக்கும் என்பதால் அந்த யோசனையை இங்கேயே விட்டுவிடலாம்.

எஞ்சின் பக்க வாதம் காற்றில் இருக்கிறது. ஜொகன்னஸ்பர்க் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 16 சதவீதம் குறைவு, எஞ்சினின் பலமும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். 1200-இல் இருக்கும் ஏ12 எஞ்சின் 1,171 சிசி. 1400 பக்கியின் ஏ14 எஞ்சின் 1,397 சிசி, அதாவது 19 சதவீதம் கூடுதல். மேட்டுநிலத்தில் ஏ14 தரும் பலம், டர்பன் கடற்கரையில் ஏ12 தந்த பலம்தான். எஞ்சின் மாற்றுபவர் புதுப் பலம் எதையும் வாங்கவில்லை, உயரம் பறித்ததைத் திரும்பப் பெறுகிறார். பிஸ்டன் ஓட்டம் 70 மி.மீ.யிலிருந்து 77 ஆவதால் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். ஆளும் மூட்டையும் ஏற்றி ஜொகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது அந்த இழுவைதான் கைகொடுக்கும்.

ஆகவே போகும் ஊரைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஜொகன்னஸ்பர்க் வழியிலுள்ள வான் ரீனன்ஸ் கணவாயில் ஐந்தாவது கியருக்கு வேலையே இல்லை, லாரிகளுக்குப் பின்னால் மூன்றாவதில்தான் ஏற வேண்டும். ஹாரிஸ்மித் தாண்டி எதிர்க்காற்று அடித்தால் ஏ12-ஆல் ஐந்தாவதைத் தாங்க முடியாது, ஒவ்வொரு மேட்டுக்கும் நான்காவதுக்கு இறக்க வேண்டியிருக்கும். ஜொகன்னஸ்பர்க் பயணமே அதிகம் என்றால் எஞ்சின். புளூம்ஃபொன்டெய்ன், கரூ என்ற வறண்ட நிலப்பரப்பு வழியாகக் கேப்டவுனுக்கு என்றால் கொலெஸ்பர்க்குக்கும் போஃபர்ட் வெஸ்ட்டுக்கும் இடையே நீளும் நேர்ச்சாலையில் கியர் பெட்டியே ராஜா.

பொருத்தும் வேலையில் கியர் பெட்டிதான் எளிது, அதிலும் கண்ணி உண்டு. பெட்டியை எஞ்சினோடு சேர்த்து நிறுத்தி, கியர் கம்பி வரும் இடம், பின் தாங்கி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) நீளம் மூன்றையும் அளந்த பிறகே எதையும் வெட்டுங்கள். ஷாஃப்ட்டைக் குறைத்தால் கட்டாயம் பேலன்ஸ் செய்யுங்கள், ஷாஃப்ட் கியர் பெட்டிக்குள் நுழையும் வழுக்கு முனையில் 20 மி.மீ. அளவுக்கு இடம் விடுங்கள். பலரும் தடுக்கி விழுவது கிளட்சில். ரிலீஸ் பேரிங்கைத் தாங்கும் வளையம் பல உயரங்களில் வருகிறது. பிரஷர் பிளேட் எதிலிருந்து வந்ததோ, வளையமும் அதிலிருந்தே வர வேண்டும். மாறிப்போனால் கிளட்ச் முழுதாக விடுபடாது, அல்லது வழுக்கிக்கொண்டே இருக்கும்.

ஏ14-இன் பிளாக் உயரம் கூடியது. ஏர் ஃபில்டர் பானெட்டை இடிக்கும், புகைக்குழாயை நீட்ட வேண்டியிருக்கும். பழைய ரேடியேட்டர் தாங்காது, மூன்று வரிசை கோர் போடுங்கள். எஞ்சின் எண் மாறுவதால் போலீஸ் சான்று வாங்கிப் பதிவையும் திருத்த வேண்டும். பழைய சாமான் கடையில் ரசீது தராத எஞ்சின் எவ்வளவு மலிவானாலும் அதைத் தொடாதீர்கள்.

எதைத் தேர்ந்தாலும் குளிர்விப்பில் கஞ்சத்தனம் கூடாது. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒருமுறை கொதித்தால் ஹெட் வளையும். 1,700 மீட்டரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும், ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்தால்தான் 115-ஐத் தொடும். பத்து வருட மூடியை மாற்ற ஆகும் செலவு ஒரு பன்னி சௌக்கு (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பும் டர்பன் சாப்பாடு) ஆகும் செலவைவிடச் சற்றே அதிகம். குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றாமல் பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

கார்புரேட்டர் ஜெட்டை டர்பனில் சரிசெய்யுங்கள். அந்த அமைப்பில் மேலே போனால் கலவை தடித்து ஸ்பார்க் பிளக் கறுக்கும், அவ்வளவுதான். மேட்டுநிலத்தில் சரிசெய்துவிட்டுக் கடற்கரைக்கு இறங்கினால் கலவை மெலிந்து, எஞ்சின் சூடேறி, ‘டக்டக்’ என்று தட்டத் தொடங்கும். பிஸ்டன் ஓட்டையாவது இப்படித்தான். இக்னிஷன் டைமிங்குக்கும் இதே விதி. கீழே கடற்கரையில் 95 ஆக்டேன் பெட்ரோலே போடுங்கள். வால்வு இடைவெளி எஞ்சின் சூட்டில் 0.35 மி.மீ.

திரும்பும் வழியில் கணவாய் இறக்கத்தை முன்சக்கர டிரம் பிரேக்கை நம்பி இறங்க வேண்டாம். டிஸ்க் மாற்றுபவர்கள் மாஸ்டர் சிலிண்டரையும் பாருங்கள். டிரம்முக்கான சிலிண்டர் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும், அதனால் டிஸ்க்கின் பேடு உரசிக்கொண்டே ஓடும். பத்து கி.மீ. ஓட்டி நிறுத்தி, முன்சக்கர ரிம் பக்கம் கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கிறதா என்பது தெரிந்துவிடும்.