ரப்பர் கடைக் கணக்குக்கு லூவாவா, குயிக்ஜேஎஸ்ஸா?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வாங்கும் கடைகளில் கணக்கு கடைக்குக் கடை மாறும். ரப்பர் பாலுக்கு டிஆர்சி (பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்ற அளவு) பார்த்து, உலர் ரப்பர் எடைக்கு விலை. ஷீட்டுக்குத் தரத்தைப் பொறுத்து விலை. ஒட்டுப்பாலுக்கு, அதாவது மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய ரப்பருக்கு, ஈரம், அழுக்கு என்று ஒரு கழிவு. அதை ஒருவர் சதவீதத்தில் பிடிப்பார், இன்னொருவர் கிலோவில் பிடிப்பார், மழை தொடங்கினால் இருவருமே மாற்றிக்கொள்வார்கள். இதையெல்லாம் செயலிக்குள்ளேயே எழுதிவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப் பதிப்பு போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். விதியை மட்டும் சின்ன ஸ்கிரிப்டாகப் பிரித்துவிட்டு, அதை ஓட்ட ஒரு குட்டி மொழியைச் செயலிக்குள் வைத்துவிடலாம். கடை மேசையில் விண்டோஸ், பால் எடுக்கப் போகிறவர் கையில் ஆண்ட்ராய்டு. இரண்டிலும் அதே ஸ்கிரிப்ட் ஓட வேண்டும்.

இந்த வேலைக்கு நிஜமான போட்டி லூவாவுக்கும் குயிக்ஜேஎஸ்ஸுக்கும்தான். லூவா 1993இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உருவானது. லைட்ரூம், விஎல்சி, ரெடிஸ், நியோவிம், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று பல இடங்களில் உள்ளே இருந்து வேலை செய்வது அதுதான். குயிக்ஜேஎஸ், எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளைத் தொடங்கிய ஃபாப்ரிஸ் பெல்லார்டு 2019இல் வெளியிட்டது; வலைப்பக்கங்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைச் செயலிக்குள் ஓட்டும் இயந்திரம். இரண்டும் சி மொழியில் எழுதியவை, இரண்டுக்கும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமம், இரண்டும் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். எது வேகம் என்று இங்கே பார்க்கவே வேண்டாம். பத்து வரிக் கணக்கை எந்த மொழியும் கண்ணிமைக்கும் முன் முடித்துவிடும்.

பார்க்க வேண்டியது, தப்பு நடக்கும்போது எது எப்படி நடந்துகொள்கிறது என்பதை.

ஒருவர் இரண்டு கேன் பால் கொண்டுவருகிறார்: 22 கிலோ, 18 கிலோ. டிஆர்சி 35. திரையில் தட்டிய எடை எண்ணாக மாறாமல் எழுத்தாகவே ஸ்கிரிப்டுக்குப் போய்விட்டது என்று வையுங்கள். லூவா இரண்டையும் கூட்டி 40 என்று எடுத்துக்கொள்ளும். உலர் ரப்பர் 14 கிலோ. ஜாவாஸ்கிரிப்டில் கூட்டல் குறி எழுத்துகளை ஒட்டவைக்கும். எடை 2218 ஆகிவிடும், உலர் ரப்பர் 776.3 கிலோ! இவ்வளவு பெரிய தப்பு உடனே கண்ணில் பட்டுவிடும். கழிவு எடையில் இதே மாதிரி நடந்தால் சாயங்காலம் கணக்கு முடிக்கும்வரை யாருக்கும் தெரியாமலே போகலாம்.

விலைப் பட்டியலில் ‘ஒட்டுப்பால்’ என்று இருக்க, ஸ்கிரிப்டில் யாரோ ஒரு ‘ப்’பை விட்டு ‘ஒட்டுபால்’ என்று எழுதிவிட்டாலும் இதே வித்தியாசம்தான். லூவா வரி எண்ணைச் சொல்லி அங்கேயே நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் நிற்காது, பில்லில் தொகை இருக்க வேண்டிய இடத்தில் ‘நேன்’ (NaN, ‘எண் அல்ல’) என்று அச்சடித்துக் கொடுத்துவிடும். காசு விஷயத்தில் அடம்பிடித்து நிற்கிற மொழிதான் எனக்கு வேண்டும்.

லூவாவும் யோக்கியமில்லை. 5.3 பதிப்பிலிருந்து முழு எண்ணும் தசம எண்ணும் அதற்கு வேறு வேறு. வகுத்தால் எப்போதும் தசமம்தான், ஆகவே மேலே சொன்ன 14, பில்லில் ‘14.0’ என்று வரும். வடிவமைத்து அச்சிடாவிட்டால் கடைக்காரர் கேள்வி கேட்பார். மற்ற மொழிகள் பலவற்றில் போல் பூஜ்யத்திலிருந்து இல்லாமல் லூவாவில் பட்டியலின் வரிசை எண் ஒன்றிலிருந்து தொடங்குவதைச் சிலர் பெரிய குறையாகப் பேசுவார்கள். கடைக்காரர் எழுதும் சீட்டில் வரிசை ஒன்றிலிருந்துதானே தொடங்குகிறது?

தமிழ் என்று வந்தால் குயிக்ஜேஎஸ் ஒரு படி மேல். எடை, விலை, கழிவு என்று மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், கடைக்காரரே ஸ்கிரிப்டைப் படித்துத் தலையாட்டுவார். சாதாரண லூவா அதை ஏற்காது. எழுத்து எண்ணுவதில் இரண்டுமே கைவிட்டுவிடும். ‘நாகர்கோவில்’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் 11 என்கும், லூவா பைட்டை எண்ணி 33 என்கும். பில்லில் பத்தி நேராக நிற்க இடைவெளி நிரப்பும் வேலையை இரண்டிடமும் கொடுக்காதீர்கள். பில்லைப் படமாக வரைந்து அச்சுக்கு அனுப்பும் பொறுப்பு செயலியுடையது.

ஸ்கிரிப்ட் எதையெல்லாம் தொடலாம் என்று பூட்டுப் போடுவது அடுத்த விஷயம். லூவாவில் எல்லா நூலகங்களையும் ஒரே அழைப்பில் திறந்துவிடும் வசதி உண்டு. எடுத்துக்காட்டு நிரல்கள் பலவற்றில் அதுதான் இருக்கும், அப்படியே நகலெடுத்தால் கணினியில் உள்ள கோப்புகளையும் ஸ்கிரிப்டால் தொட முடியும். கணிதமும் எழுத்துக் கையாளலும் மட்டும் திறந்தால் போதும். முடிவில்லாமல் சுற்றும் ஸ்கிரிப்டை நிறுத்தக் இத்தனை கட்டளை ஓடியதும் நம்மைக் கூப்பிடும்படி ஒரு கொக்கி போட வேண்டும், நினைவக வரம்புக்கு அதை ஒதுக்கிக் கொடுக்கும் செயற்கூறை நாமே எழுத வேண்டும். குயிக்ஜேஎஸ்ஸில் நினைவக வரம்பு ஒரே அழைப்பில் முடியும், குறுக்கிட்டு நிறுத்தவும் தயார் வசதி உண்டு. ஆனால் சி பக்கத்திலிருந்து அதன் மதிப்புகளைக் கையாளும்போது ஒவ்வொன்றையும் நாமே விடுவிக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் நினைவகம் கசியும்.

பைத்தானைச் சொல்லாமல் விட்டால் கோபிப்பார்கள். மேசைக் கணினிக்குச் சரி; போனில் இந்தச் சின்ன வேலைக்கு அத்தனை மெகாபைட் சுமக்கத் தேவையில்லை. 1988இல் வந்த டிசிஎல் அழகான மொழி, எழுத ஆள்தான் கிடைப்பதில்லை.

என் தேர்வு லூவா. ஸ்கிரிப்டை இனிமேல் பார்த்துக்கொள்ளப்போவது கடைக்காரரின் மகளோ மகனோ, அவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கெனவே கை வந்திருக்கிறது என்றால் மட்டும் குயிக்ஜேஎஸ். அப்போதும் எடையை எண்ணாக மாற்றிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவேன்.

எதை எடுத்தாலும் கடை விதிகளை வாசித்துவிடுங்கள். நான் சொல்வது ஆப் கடை. டெக்ஸ், ஜார் போன்ற நேரடியாக ஓடும் நிரல் கோப்புகளைச் செயலி வெளியிலிருந்து இறக்குவதைக் கூகுள் பிளே தடுக்கிறது. ஸ்கிரிப்ட் இறக்கலாம், அதன் வழியாகக் கொள்கை மீறல் வரக்கூடாது. பின்னால் ஐபோனுக்கும் கொண்டுபோனால், ஆப்பிளின் 2.5.2 விதிப்படி, இறக்கும் நிரல் செயலியின் அம்சங்களைச் சேர்க்கவோ மாற்றவோ கூடாது. கழிவுச் சதவீதத்தை மாற்றுவது ஒன்று. ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் வெட்டுகாரருக்குக் கொடுத்த முன்பணக் கணக்கு என்று புதுப் பகுதியையே ஸ்கிரிப்டாக இறக்குவது வேறு. அதைப் புதுப் பதிப்பாகவே அனுப்பிவிட்டு, பரிசீலனை முடியும்வரை காத்திருங்கள்.