எஃப்பிஜியுஐ யுஐ டிசைனர்: பல வருடம் பழகியபின் எழுதுவது

ஃப்ரீ பாஸ்கலில் (பாஸ்கல் மொழிக்கான இலவசக் கம்பைலர்) சின்னச் சின்ன டெஸ்க்டாப் கருவிகள் எழுதும் எனக்குப் பல வருடங்களாகக் கைகொடுப்பது எஃப்பிஜியுஐ (fpGUI) என்ற டூல்கிட்டும், அதாவது ஜன்னல், பட்டன் போன்றவற்றைத் தரும் நிரல் தொகுப்பும், அந்த ஜன்னல்களை வடிவமைக்க அதோடு வரும் யுஐ டிசைனரும்தான். ஜிடிகே, கியூட்டி போன்ற வேறு டூல்கிட் எதையும் சாராமல், பட்டன் முதல் ஸ்க்ரோல்பார் வரை எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்ளும் டூல்கிட் இது. திரையில் வரைய லினக்ஸில் எக்ஸ்11, விண்டோஸில் ஜிடிஐ என்ற அடிப்படை வசதி இருந்தால் போதும்.

நான் இதை விடாமல் இருப்பதற்குக் காரணம் டிசைனர் ஃபார்மை, அதாவது நாம் வடிவமைக்கும் ஜன்னலை, சேமிக்கும் விதம். ஃப்ரீ பாஸ்கலுக்கான இன்னொரு உருவாக்கக் கருவியான லாசரஸில் ஃபார்மின் விவரமெல்லாம் எல்எஃப்எம் என்ற தனிக் கோப்பில் இருக்கும். புரோகிராம் ஓடும்போது அதைப் படித்து ஃபார்மை உருவாக்கும். யுஐ டிசைனருக்குத் தனிக் கோப்பே கிடையாது. நேராக பாஸ்கல் யூனிட்டுக்குள் (கோடு எழுதும் கோப்புக்குள்), 'விஎஃப்டி பாடி பிகின்', 'விஎஃப்டி பாடி எண்ட்' என்ற இரண்டு கமெண்ட் குறிகளுக்கு நடுவே, சாதாரண பாஸ்கல் கோடாகவே எழுதிவிடும். குறியிலேயே ஃபார்மின் பெயரும் இருப்பதால் ஒரே யூனிட்டில் இரண்டு மூன்று ஃபார்ம்களை வைத்துக்கொள்ளலாம்.

இதன் அருமை கிட்டில் (Git) டிஃப், அதாவது கோடில் என்னென்ன மாறியது என்று, பார்க்கும்போது தெரியும். ஒரு பட்டனைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்திச் சேமித்தால் மாறுவது 'செட்பொசிஷன்' வரி ஒன்றுதான். அடைப்புக்குறிக்குள் நான்கு எண்கள் (இடப்புறத் தொலைவு, மேற்புறத் தொலைவு, அகலம், உயரம்), அதில் முதல் எண் மட்டும் வேறு. டிசைனரைத் திறக்க முடியாத இடத்தில், வெறும் டெர்மினலில் உட்கார்ந்துகூட அந்த எண்ணைத் திருத்திக் கம்பைல் செய்துவிடலாம். ஃபார்ம் எப்படி உருவாகிறது என்று டீபக்கரில் (பிழை தேடும் கருவியில்) வரி வரியாகப் பார்க்கவும் முடிகிறது.

குறிகளுக்கு நடுவே நாமே ஏதாவது எழுதினால் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் வரும். தனக்குப் புரியாத வரிகளை டிசைனர் தூக்கி எறிவதில்லை. ப்ராப்பர்ட்டி ஜன்னலின் அடியில் 'அன்னோன் லைன்ஸ்' என்ற பெட்டியில் அப்படியே காட்டி, சேமிக்கும்போது திரும்ப எழுதிவிடும். நாமே செய்த விட்ஜெட்டை (பட்டன், பெட்டி போன்ற ஜன்னல் உறுப்பை) வைத்தால் அதன் உண்மையான தோற்றம் வராது. கிளாஸ் பெயரோடு ஒரு கட்டம்தான் வரும். ஆனால் இடமும் அளவும் சரியாக இருப்பதால் எனக்கு அது போதுமாக இருக்கிறது. இவ்வளவு சிறிய கருவியில் இந்த இரண்டையும் யோசித்து வைத்தவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

சரி, சிரமம் என்று பார்த்தால் எல்லாமே பிக்சல் கணக்குதான். லேபிளில் சொல் நீண்டால் பக்கத்திலுள்ள எடிட் பெட்டி தானாக நகராது. ஜன்னலின் எந்த ஓரத்தோடு ஒட்டி நிற்க வேண்டும் என்று சொல்லும் ஆங்கர்களை ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் யோசித்துத்தான் போட வேண்டும். ஜன்னலைப் பெரிதாக்கும்போது விரிய வேண்டியதற்கு இடமும் வலமும் இரண்டையும் போடாவிட்டால் வலது பக்கம் வெறிச்சென்று கிடக்கும். அப்புறம், இது எடிட்டரிலிருந்து தனியே ஓடும் புரோகிராம் என்பதால் இரண்டு ஜன்னல்களுக்கு இடையே போய் வந்துகொண்டே இருக்க வேண்டும். எடிட்டரும் டிசைனரும் ஒன்றாகவே இருக்கும் டெல்ஃபியில் வளர்ந்தவர்களுக்கு இது ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

இரண்டும் ஒன்றாக இருக்கும் அந்த வசதி கட்டாயம் வேண்டுமென்றால் எம்எஸ்இஐடிஇ (எடிட்டர் உள்ள ஐடிஇ), எம்எஸ்இகுயி (டூல்கிட்) ஜோடியைப் பாருங்கள். அதுவும் விட்ஜெட்டுகளைத் தானே வரைவதுதான். டிசைனர் ஐடிஇக்குள்ளேயே இருக்கிறது, டேட்டாபேஸ் கம்பொனென்ட்டுகளும் ஏராளம். ஃபார்மை எம்எஃப்எம் என்ற தனிக் கோப்பில் வைக்கும். கிரிட் நிறைந்த டேட்டா என்ட்ரி ஃபார்ம்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். செட்டிங்ஸ் ஜன்னல், பத்துப் பன்னிரண்டு விட்ஜெட்டுகள் உள்ள சிறு கருவி என்றால் என் கை யுஐ டிசைனருக்குத்தான் போகும்.