பெட்டியில் குறையில்லை, வாயில்தான் குறை: எங்கள் வீட்டு எச்.ஆர்.வி. அனுபவம்

ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிக்கரிங்கில் புது வீடு வாங்கவிருக்கும் நண்பர் ஒருவர், கட்டுநர் தரும் சாதாரண எச்.ஆர்.வி.யையே (வெப்பம் மீட்கும் காற்றோட்டப் பெட்டி) ஏற்றுக்கொள்ளலாமா, மேலதிகப் பணம் கொடுத்துத் திறன் கூடியதைப் போடச் சொல்லலாமா என்று கேட்டிருந்தார். அதே கிழமையில் எங்கள் வீட்டு எச்.ஆர்.வி.யில் காற்று வழியை மூடித் திறக்கும் தட்டான டாம்பரின் மோட்டர் பழுதாகி, அதை மாற்ற வந்த திருத்துநர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை என் பழைய கோபத்தைக் கிளறிவிட்டது. நண்பருக்கு எழுதத் தொடங்கிய பதில் அதனால் நீண்டுவிட்டது. வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி இது என்ற அளவில் தெரிந்தவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

எங்கள் வீடு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1980களில் கட்டப்பட்ட இரண்டு மாடி வீடு. அந்தக் காலத்து வீடுகளுக்குக் காற்றோட்டம் என்று தனியாக எதுவும் வைக்கவில்லை. யன்னல் சட்டங்களின் இடுக்காலும் சுவர் பிளக்குகளின் பின்னாலும் குளிர்காற்று தானாகவே வந்து போய்க்கொண்டிருந்தது. யன்னல்களை மாற்றி, கூரைக்கடியில் வெப்பக்காப்புப் பஞ்சைக் கூட்டி, இடுக்குகளையெல்லாம் அடைத்த பிறகு எரிவாயுக் கட்டணம் இறங்கியது உண்மை. ஆனால் அந்தக் குளிர்காலத்திலேயே கண்ணாடிகளின் அடியில் காலையில் நீர் தேங்கியது, படுக்கையறையின் வடக்கு மூலையில் கறுப்புப் பூஞ்சணம் படரத் தொடங்கியது. ஆறு பேர் குளித்து, சோறு வடித்து, நிலக்கீழ்த் தளத்தில் உடுப்புக் காயப்போடும் வீட்டில் அந்த ஈரம் வேறெங்கே போகும்? வீட்டை இறுக்கினால் மூச்சுவிட வழி வைக்க வேண்டும் என்பது கனடாவுக்குப் புதிய பாடமல்ல. சஸ்காச்சுவான் மாகாணத்தின் ரெஜைனாவில் 1977இல் ஆராய்ச்சிக்காகக் கட்டிய வீடு காற்றுப் புகாதபடி அவ்வளவு இறுக்கமாக இருந்ததால், அதற்குள் வெப்பம் மீட்கும் காற்றுப் பெட்டி ஒன்றையும் சேர்த்தே வைத்தார்கள். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் 2017 முதல் புது வீடுகளுக்கு இது கட்டட விதியோடு வருகிறது. பழைய வீட்டுக்காரர்தான் தேடிப்போய்ப் பொருத்த வேண்டியிருக்கிறது.

எங்களுக்குப் பொருத்தியது, பழைய வீடுகளில் வழக்கமாகச் செய்யும் கலப்பு முறை. குளியலறைகளிலிருந்தும் குசினியிலிருந்தும் பழைய காற்றை எடுக்கத் தனிக் குழாய்கள் போட்டார்கள். புதுக் காற்றை அறைகளுக்குக் கொண்டுபோக, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் குழாய்களையே பயன்படுத்திக்கொண்டார்கள். இம்முறையில் எச்.ஆர்.வி. ஓடும் நேரமெல்லாம் ஃபேர்னஸின் விசிறியும் ஓடவேண்டும், இல்லாவிட்டால் புதுக் காற்று நிலக்கீழ்த் தளத்தைத் தாண்டாது. எச்.ஆர்.வி. தானாக இழுக்கும் மின்சாரம் ஒரு பழைய குண்டு பல்பின் அளவுதான். பழைய வகை ஃபேர்னஸ் விசிறியோ அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். விலை கேட்கும்போது இதைப்பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எல்லாம் சேர்த்து நாலாயிரம் டொலருக்குக் கிட்ட வந்தது.

பலன் என்று பார்த்தால் நான் குறைசொல்ல எதுவுமில்லை. ஒரு கிழமைக்குள் கண்ணாடிகள் காய்ந்தன. சரக்குத்தூளுக்கு மிளகாய் வறுத்த நாளின் காரம் முன்பு மூன்று நாள் தொண்டையில் நிற்கும், இப்போது இரவு படுக்கப் போவதற்குள் போய்விடுகிறது. நான் எதிர்பார்த்தே இராத நன்மை, வாசலுக்குப் பக்கத்து அலுமாரியில் தொங்கும் குளிர்கால ஜக்கெற்றுகளில் தாளித வாசம் ஏறாமல் போனது. பள்ளிக்கூடத்தில் அந்த வாசத்தால் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு இந்த ஒன்றுக்காகவே நாலாயிரம் டொலரும் தகும். ஆனால் மீன் பொரிக்கும் புகையை இது இழுக்கும் என்று நம்பி யாரும் வாங்கவேண்டாம். அதற்கு அடுப்புக்கு மேலே தனி விசிறி வேண்டும், அதன் குழாய் நேரே வெளியே போகவேண்டும். எச்.ஆர்.வி.யின் குசினி வாயை அடுப்பிலிருந்து நாலடியாவது தள்ளி வைக்காவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு குழாய்க்குள் போய்ப் படியும். உடுப்புக் காயவைக்கும் இயந்திரத்தின் குழாயையோ எந்தக் காரணத்துக்காகவும் இதில் இணைக்கக்கூடாது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். இந்தப் பெட்டிக்கு வெளிச்சுவரில் இரண்டு வாய்கள் உண்டு, ஒன்று காற்றை எடுக்க, மற்றது விட. விடும் வாய் எங்கேயாவது இருந்துவிட்டுப் போகட்டும். எடுக்கும் வாய் விடும் வாயிலிருந்து ஆறடியாவது விலகி, பனி குவிந்தாலும் மூடாத உயரத்தில், ஃபேர்னஸின் புகைக்குழாய், எரிவாயு மீற்றர், உடுப்புக் காயவைக்கும் இயந்திரத்தின் வாய், கார் நிற்கும் இடம் எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி, கை எட்டுமிடத்தில் இருக்கவேண்டும். எங்கள் ஒப்பந்தக்காரர் அதை வைத்தது பின்பக்க டெக்கின் (மரப்பலகைத் திண்ணையின்) பலகைகளுக்குக் கீழே. அவருக்கும் ஒரு நியாயம் உண்டு: பக்கச் சுவரில் மீற்றரும் ஃபேர்னஸ் புகைக்குழாயும் இடத்தைப் பிடித்திருந்தன, முன்பக்கம் கார் நிற்கிறது, ஃபேர்னஸ் அறை இருப்பதோ பின்பக்கம். ஆனால் அதே பின்சுவரில் இன்னும் ஏழெட்டடி போயிருந்தால் டெக் முடிந்து வெட்டவெளி வந்திருக்கும். அந்த ஏழெட்டடிக் குழாயை மிச்சம்பிடித்ததன் விலையை வருடாவருடம் என் முழங்கால்கள் கொடுத்துவருகின்றன.

அந்த வாயின் முகப்பில் ஒரு கம்பிவலை உண்டு. தயாரிப்பாளரின் கையேடு கால் அங்குலக் கண்ணுள்ள வலையைச் சொல்கிறது. எங்கள் வாயில் இருந்ததோ நுளம்புவலை போன்ற நெருக்கமான வலை. ஜூன் மாதத்தில் இந்தப் பகுதியின் பொப்லர் மரங்கள் இலவம்பஞ்சைப் போன்ற வெள்ளைப் பஞ்சை ஊரெல்லாம் பறக்கவிடும். உறிஞ்சும் வாய் அதைச் சும்மா விடுமா? சில நாட்களில் வலையின் மேல் கம்பளித் துணி போட்டதுபோல் படிந்துவிடும். இலையுதிர் காலத்தில் இலைத்தூள், தை மாதத்தில் உறைபனி. ஒவ்வொரு தடவையும் டெக்குக்குக் கீழே வயிற்றால் ஊர்ந்து, கையில் பழைய பல்துலக்கியும் நெற்றியில் விளக்குமாகப் போகவேண்டும். மண்ணின் பூஞ்சண வாடையும் ரக்கூன் விட்டுப்போனவற்றின் வாடையும் மூக்கில் அடிக்கும்போது, வீட்டுக்குள் படுத்திருக்கும் பிள்ளைகள் சுவாசிப்பதும் இதே இடத்துக் காற்றைத்தான் என்ற எண்ணம் வராமல் இருக்காது. உள்ளே ஃபில்டர் இருக்கிறது என்பது ஆறுதல்தான், ஆனால் அந்தக் கழுவக்கூடிய மெல்லிய ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், வாடையையோ புகையையோ பிடிக்காது. 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை ரொறன்ரோவை மூடிய நாட்களில் இது தெளிவாகவே தெரிந்தது. பெட்டியை நிறுத்திவைப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

வலை அடைபட்டால் என்ன, காற்று கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியல்ல. இந்தப் பெட்டியின் நியாயமே வருவதும் போவதும் சமமாக இருப்பதில் இருக்கிறது. பொருத்தும்போது இரண்டு பக்க ஓட்டத்தையும் அழுத்தமானியால் அளந்து, வித்தியாசம் பத்து வீதத்துக்குள் வரும்படி சரிசெய்ய வேண்டும். எடுக்கும் வாய் அடைபட்டால் விடும் விசிறி மாத்திரம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் அழுத்தம் இறங்கும். குறைந்த காற்றை வீடு கண்ட கண்ட இடுக்கால் இழுத்துக்கொள்ளும். அப்படி வரும் காற்று பெட்டியைத் தொடுவதே இல்லை, ஆகவே ஒரு துளிச் சூடும் மீளாது. அதைவிட மோசமானது, புகைபோக்கி வழியே இயல்பாகப் புகையை மேலே விடும் பழைய வகை எரிவாயுச் சுடுநீர்த் தாங்கி. வீட்டுக்குள் அழுத்தம் இறங்கினால் அதன் புகை மேலே போகாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். எங்கள் வீட்டில் இருப்பதும் அந்த வகைதான். சந்தேகம் வந்த ஒரு நாள் குளியலறை விசிறிகள், குசினி விசிறி, எச்.ஆர்.வி. எல்லாவற்றையும் போட்டுவிட்டு, தாங்கி எரியத் தொடங்கிச் சற்று நேரம் கழித்து அதன் தலையிலுள்ள குடைக்குப் பக்கத்தில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இழுபடவேண்டிய புகை தயங்கி, சுருண்டு, என் முகத்தை நோக்கித் திரும்பியது. வலையைத் துடைத்துவிட்டு வந்து பிடித்தபோது நூல் பிடித்தாற்போல மேலே ஏறியது. கார்பன் மொனொக்சைட் அலாரம் வீட்டில் உண்டு, அது அன்று சத்தமிடவில்லை. ஆனாலும் அந்த ஊதுபத்திக்குப் பிறகு வலையைத் துடைப்பதை நான் தள்ளிப்போடுவதில்லை.

மற்றப் பராமரிப்பெல்லாம் சொல்லிக்கொள்ளும்படியான பாரமல்ல. பெட்டியின் கதவைத் திறந்து இரண்டு ஃபில்டர்களையும் உருவித் தூசி உறிஞ்சியால் இழுத்து, வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவைத்துப் போடவேண்டும். நடுவிலுள்ள பிளாஸ்ரிக் வெப்பமாற்றியை வருடத்துக்கொரு முறை தொட்டியில் ஊறவைத்தால் போதும். ஈரத்தையும் மாற்றும் ஈ.ஆர்.வி. வகையில் அதைப் பெரும்பாலும் நீரில் போடக்கூடாது, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் நீர் வடியும் சிறு குழாயை ஒரு வளையமாகச் சுற்றி அதற்குள் நீர் நிற்கும்படி விட்டிருப்பார்கள்; கோடையில் அந்த நீர் வற்றிப்போனால் வடிகான் வாடை மேலே வரும், ஒரு கோப்பை நீர் ஊற்றினால் தீர்ந்தது. கோடையின் புழுக்கமான நாட்களில் பெட்டியை மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்கிவிடுவேன், வெளியிலிருக்கும் ஈரத்தை உள்ளே கூப்பிட்டு ஏசியை அழவைப்பதில் பொருளில்லை.

இந்த முறை பழுதான டாம்பர், கடுங்குளிரில் வெளிக்காற்றை இடையிடையே மூடிவிட்டு, வீட்டுச் சூட்டுக் காற்றைச் சுழற்றி வெப்பமாற்றியிலுள்ள உறைபனியை இளக்கும் தட்டு. மோட்டர் செத்து, தட்டு திறந்தபடியே நின்றுவிட்டதால், கதவைத் திறந்தபோது வெப்பமாற்றியின் ஒரு முகம் முழுவதும் வெண்பனி பிடித்து அடைபட்டிருந்தது. வருடக்கணக்காக ஓடிய உதிரிப்பாகம். சில நூறு டொலர்களோடு முடிந்த இந்தப் பழுதுக்காக நான் எவரையும் நோகமாட்டேன். திருத்துநர் போகும்போது சொன்னதுதான் குத்தியது: "அண்ணை, இந்தப் பெட்டி இன்னும் பத்து வருசத்துக்கு உழைக்கும், நீங்கள் அதுவரைக்கும் டெக்குக்குக் கீழே ஊருவீங்களோ தெரியாது."

ஆகவே நண்பரே, திறன் கூடிய மொடலைப் பற்றி நீங்கள் கவலைப்படவேண்டாம். 0 பாகையிலும் மைனஸ் 25 பாகையிலும் அளந்த மீட்புத் திறனை விளம்பரத் தாளில் போடுகிறார்கள். அறுபத்தைந்து வீதத்துக்கும் எழுபத்தைந்து வீதத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் உங்கள் எரிவாயுக் கட்டணத்தில் பெரிதாகத் தெரியப்போவதில்லை. வரைபடத்தில் எடுக்கும் வாய் எங்கே இருக்கிறது, அதற்கு மேல் பிறகு டெக் வருமா, வலையின் கண் எவ்வளவு, ஓட்டத்தை அளந்து சமப்படுத்திய தாளைக் கையில் தருவார்களா என்று கேளுங்கள். இவற்றுக்குப் பதில் இல்லாத இடத்தில், எங்கள் வீட்டுக் காற்று எவ்வளவுதான் நன்றாக இருந்தாலும், வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு இன்றைக்கு வாய் வரவில்லை. பழைய வீட்டில் பொருத்த நினைப்பவர்களோ, ஒப்பந்தக்காரரை வெளியே கூட்டிப்போய், சுவரில் சோக்கால் வட்டம் போட்டுக் காட்டச் சொல்லாமல் முற்பணம் கொடுக்கவேண்டாம்.

வாயை இடம்மாற்ற இரண்டு பேரிடம் விலை கேட்டிருக்கிறேன். ஒருவர் பழைய துளையை அடைத்து, டெக்குக்கு அப்பால் புதிதாகத் துளைத்து, குழாயை நீட்டி, மீண்டும் சமப்படுத்தித் தர எழுநூறு டொலர் கேட்கிறார். மற்றவர் டெக்கில் இரண்டு பலகையைக் கழற்றிப் பிணைச்சல் போட்டுக் கதவாக்கித் தருகிறேன், நூற்றைம்பது டொலர் போதும் என்கிறார். கதவு வைத்தாலும் வாய் டெக்குக்குக் கீழேதானே இருக்கும் என்று தொலைபேசியில் எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். கதவுக்கு நல்ல பூட்டாகப் பார்த்துப் போட்டுவிடலாம் என்கிறார்.