கான்ஸ்ட்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மனக்குறை

கேம் எழுதக் கற்றுவரும் நண்பர் ஒருவர், நிரலில் மதிப்பு மாறக்கூடிய மாறியை விட, மதிப்பு மாறாத மாறிலி வேகமானதா, அப்படியானால் எல்லா எண்களையும் கான்ஸ்ட் (மாறிலியை அறிவிக்கும் சொல்) ஆக்கிவிடலாமா என்று கேட்டார். சி ஷார்ப் நிரல்மொழியில் பல ஆண்டுகளாகக் கேம் எழுதிவருபவன் என்ற முறையில் பதில் எழுத உட்கார்ந்தேன். அது கான்ஸ்ட் மீது எனக்குள்ள மனக்குறையாக நீண்டுவிட்டது.

வேகத்தை முதலிலேயே பேசி முடித்துவிடலாம். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. அதில் ஒரு மாறியின் மதிப்பைப் படிக்கும் செலவு பொதுவாகப் பொருட்படுத்தத் தக்கதன்று. எதிரியின் பார்வை எல்லையை வர்க்கப்படுத்துவது போன்ற கணக்குகளை, அந்த எண் கான்ஸ்டாக இருந்தால், நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரே முன்கூட்டிப் போட்டு வைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கேம் திணறினால் முதலில் திறக்க வேண்டியது, எந்தப் பகுதி நேரத்தைத் தின்கிறது என்று காட்டும் புரொஃபைலரை.

கான்ஸ்டை நான் விரும்புவதற்குக் காரணம் வேறு. வரைபடக் கட்டத்தின் அகலம், பொருள்களை அடுக்காகப் பிரிக்கும் லேயர் எண், எதிரிகளை அடையாளம் காட்டும் டேக் பெயர் ஆகியவற்றை அதில் வைத்துவிட்டால், குழுவில் யாராவது அவசரத்தில் வேறு மதிப்பைத் திணிக்க முயலும்போது கம்பைலர் அந்த வரியிலேயே மறித்துவிடும். வெக்டர், நிறம் போன்றவற்றைக் கான்ஸ்ட் ஆக்க முடியாது என்பது சிறு குறை. அவற்றுக்கு, ஒருமுறை மதிப்பு கொடுத்தபின் மாற்ற முடியாத ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி இருக்கிறது.

எரிச்சல், வெளி நிரல்களும் பயன்படுத்தக்கூடிய பப்ளிக் கான்ஸ்டில்தான். அதன் மதிப்பு, அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு டிஎல்எல் (கம்பைல் செய்த நிரல்) கோப்புக்குள்ளும் கம்பைல் ஆகும் நேரத்திலேயே நகலாகப் பதிந்துவிடுகிறது. எங்கள் கேமில் அதிகபட்ச உயிர்கள் 3 என்று ஒரு பப்ளிக் கான்ஸ்ட் இருந்தது. ஒரு புதுப்பிப்பில் அது 5 ஆயிற்று. அதற்கு முன்பே வெளியாள் ஒருவர் எழுதியிருந்த மோட் (கேமில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்), உயிர்ப் பட்டையை அழகாக மாற்றி வரையும். புதுப்பிப்புக்குப் பிறகு வந்த புகார் விசித்திரமாக இருந்தது: பட்டையில் இதயங்கள் எல்லாம் தீர்ந்த பிறகும் கதாபாத்திரம் சாகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மோட்டின் மூல நிரலில் 3 என்ற எண்ணே இல்லை, எங்கள் மாறிலியின் பெயர்தான் இருக்கிறது. பழைய எண் அதன் டிஎல்எல்லுக்குள் அப்படியே உறைந்து கிடந்தது. மோட்டை மறுபடி கம்பைல் செய்தால் சரியாகிவிடும், ஆனால் அதை எழுதியவர் எப்போதோ காணாமல் போய்விட்டார். மொழியின் ஆவணத்தில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பதால் மொழியைக் குறைசொல்ல நியாயமில்லை, ஆனாலும் கோபம் வருகிறது. அதே மதிப்பு ஸ்டாட்டிக் ரீட்ஒன்லியாக இருந்திருந்தால், கேம் ஓடும்போதுதான் படிக்கப்படும் என்பதால், மோட்டுக்கும் 5 தான் கிடைத்திருக்கும். மதிப்புக்கேற்ப வழி பிரிக்கும் ஸ்விட்ச் கேஸில் அதை வைக்க முடியாது; அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம்.

குதிக்கும் வேகம், ஈர்ப்பு விசை போன்ற கைப்பக்குவ எண்களைக் கான்ஸ்டில் பூட்டுவது தனித் தொல்லை. ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் மீண்டும் கம்பைல் செய்து, அதே பள்ளத்தின் முன் கதாபாத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருக்கிறது. கேம் எஞ்சினில் மதிப்புகளைக் காட்டித் திருத்தவிடும் பலகையான இன்ஸ்பெக்டரில் தெரியும் மாறியாக வைத்தால், கேம் ஓடும்போதே இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். (அங்கேயும் கேமின் காட்சிக் கோப்பில் சேமிக்கப்பட்ட மதிப்புதான் செல்லுபடியாகும், நிரலில் எழுதிய தொடக்க மதிப்பை மாற்றினால் ஒன்றும் நடக்காது, அந்தப் புலம்பல் இன்னொரு நாளைக்கு.)

ஆகவே நண்பருக்கு என் பதில்: குதிப்பை மாறியாகவே வையுங்கள், கான்ஸ்ட் எழுதினால் பிரைவேட்டாக மட்டும் எழுதுங்கள், வட்டத்தின் பை மதிப்பைத் தவிர வேறெதையும் பப்ளிக் கான்ஸ்டாக வெளியே விடாதீர்கள். மேலே பாராட்டியவனே இவ்வளவு கறாராகச் சொல்கிறானே என்று தோன்றலாம். அந்த மோட் பற்றிய புகார் இன்னும் முடித்துவைக்கப்படாமல் என் பட்டியலின் உச்சியில் நிற்கிறது. அது இறங்கிய பிறகு கேட்டால் சற்று இளகிச் சொல்வேனாக இருக்கும்.