பேரிடர் உணவு உதவி: அட்டையா, பொட்டலமா?

அமெரிக்காவில் புயலோ வெள்ளமோ ஓய்ந்ததும் மாநில அரசுகள் வீடுகளுக்கு உணவு உதவி தர இரண்டு வழிகள் உண்டு. கடையில் தேய்க்கும் அட்டையில் ஒரு மாதத்துக்கான தொகையைப் போடும் டி-ஸ்நாப் ஒன்று. அரசுக் கிடங்கில் உள்ள உணவுப் பொருட்களைப் பொட்டலமாகக் கொடுப்பது இன்னொன்று.

பொட்டலத்துக்கு எழுத்து வேலை குறைவு. குடும்பத்தின் பெயர், முகவரி, எத்தனை பேர், அப்புறம் கூடவே டி-ஸ்நாப் வாங்கவில்லை என்று ஒரு கையெழுத்து. மத்திய அனுமதி முன்கூட்டியே வேண்டும். கொடுத்து முடிந்தபின் மத்திய அரசுக்கு 292ஏ என்ற அறிக்கைப் படிவம்.

டி-ஸ்நாப் அப்படியில்லை. தனிநபர் உதவியோடு (பாதித்த குடும்பங்களுக்கு நேரடியாகப் போகும் மத்திய உதவி) கூடிய அதிபரின் பேரிடர் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். எந்தெந்த மாவட்டங்கள், எத்தனை நாள், எத்தனை பேர் வரலாம், மோசடியை எப்படித் தடுப்பது என்று மாநிலம் மத்திய அரசிடம் விவரமாக எழுதிக் கேட்க வேண்டும். முடிந்தபின் 292பி என்ற அறிக்கைப் படிவம். அதோடு, ஒப்புதல் பெற்ற விண்ணப்பங்களில் 0.5 சதவீதத்தை எடுத்து மறுபடி சரிபார்க்க வேண்டும்: குறைந்தது 25, அதிகம் 500. டி-ஸ்நாப்பை நடத்தும் மாநிலத் துறையின் ஊழியர்களே விண்ணப்பித்திருந்தால் அத்தனையும் பரிசீலனைக்குப் போகும். இது மிகச் சரியான விதி.

டி-ஸ்நாப் வரிசையில் நிற்பவரிடம் கட்டாயம் கேட்பது அடையாளச் சான்று மட்டும். முகவரிக்கும் இழப்புக்கும் முடிந்தால்தான் ஆதாரம். மின்கட்டண ரசீது சேற்றில் கூழாகிப் போனவருக்கு இந்த இளக்கம் பெரிய ஆறுதல்.

கடைகள் பூட்டிக் கிடக்கும்வரை அட்டையால் பயனில்லை. அதனால் முதல் நாட்களுக்குப் பொட்டலம்தான் என் தேர்வு. கடைகள் திறந்ததும் டி-ஸ்நாப்.