ஆறு பேருக்கு ஒரு பெரிய மேசை: லான்காஸ்டர் பக்கத்துக் கில்ட் கடையில் ஒரு தையல் நாள்

பென்சில்வேனியா மாநிலத்தின் லான்காஸ்டர் வட்டாரத்தில் கில்ட் என்னும் ஒட்டுப்போர்வைக் கடைகளுக்குக் குறைவே இல்லை. அங்கு பழைய முறையில் எளிமையாக வாழும் கிறித்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்கள் அடர்நிறத் துணிகளைக் கொண்டு தைக்கும் போர்வைகளைப் பார்ப்பதற்காகவே வெளியூர்களிலிருந்து மக்கள் வருகிறார்கள். அந்த வட்டாரத்துக் கடை ஒன்று, தன் பின்னறையைத் தையல்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறது. காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை ஆளுக்கு 25 டாலர். தமிழ்ப் பெண்கள் இருவரும் அமெரிக்கத் தோழியர் நால்வருமாக நாங்கள் ஆறு பேர், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமையை அங்கே கழித்தோம்.

கில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் முழுத்துணி என்று வைத்து, மூன்றையும் ஊடுருவிச் செல்லுமாறு தைப்பார்கள். நம் பாட்டிமார் பழைய நூல்சேலையை நாலாக மடித்து, ஓட்டுத்தையல் போட்டுப் பச்சைக்குழந்தைக்கு விரித்தார்களே, அதற்கு இது தூரத்து உறவு என்றே எனக்குத் தோன்றும்.

துண்டுகளை வெட்டுவதையும், கால் அங்குலம் விட்டு ஒன்றோடொன்று இணைப்பதையும் வீட்டில் தனியாகவே செய்துகொள்ளலாம். மூன்று அடுக்குகளையும் சுருக்கமில்லாமல் பிணைக்கும் கட்டத்தில்தான் தனி ஆள் திணறிப்போகிறார். இதுவரை நான் அதைக் கூடத்துத் தரையில் மண்டியிட்டே செய்து வந்தேன். ஒரு போர்வைக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் போய்விடும். அவ்வளவு பாடுபட்டும், சென்ற ஆண்டு என் தங்கை மகளுக்குத் தைத்த போர்வையைத் திருப்பிப் பார்த்தபோது, அடித்துணி ஓரிடத்தில் மடிந்து தையலுக்குள் சிக்கியிருந்தது. ஒரு முழத் தையலைப் பிரித்த பிறகுதான் அது சரியானது.

இந்தக் கடையில் மேசைகள் இடுப்பளவு உயரத்தில் இருக்கின்றன. 8 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள மேசைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டதும், 60க்கு 72 அங்குலம் கொண்ட என் போர்வை முழுவதும் விரிந்து கிடந்தது. அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்குமாறு விரித்து, இழுபடாமலும் தொய்யாமலும் ஓரங்களை ஒட்டுநாடாவால் மேசையோடு பிடித்தோம். அதன்மேல் பஞ்சு விரிப்பை வைத்துத் தடவிச் சமன்செய்த பிறகு மேல்துணியை இறக்கினோம். நான் மூலையிலிருந்து ஊக்குக் குத்தத் தொடங்கியதைப் பார்த்த சென்னைத் தோழி, “நடுவுல இருந்து ஆரம்பிங்க அக்கா, அப்பதான் சுருக்கம் வெளியே ஓடும்” என்றாள். மையத்திலிருந்து வெளிப்புறமாக நான்கு அங்குலத்துக்கு ஒன்று வீதம் இருநூற்றுக்கும் மேற்பட்ட ஊக்குகளை ஆறு பேரும் குத்தி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முற்காலத்தில் அமெரிக்கக் கிராமப்புறப் பெண்கள் அக்கம்பக்கத்தாரை அழைத்து, ஒரே மரச்சட்டத்தைச் சுற்றி அமர்ந்து தைத்து, பிறகு சேர்ந்து உண்டதன் காரணம் அன்று என் கைகளுக்கே விளங்கியது. 25 டாலர் கொடுப்பது இந்த மேசைக்காகத்தான் என்பேன். அந்தத் தொகை நியாயமானதே.

குறை என்று சொல்ல வேண்டியது மின்சாரத்தைப் பற்றித்தான். இஸ்திரிப் பெட்டி ஒன்று 1500 வாட் என்றால், 120 வோல்ட்டில் அது மட்டுமே 12.5 ஆம்பியர் இழுக்கும். ஒரே 15 ஆம்பியர் இணைப்பில் இரண்டு பெட்டிகளைச் செருகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முற்பகலில் மூன்று முறை மின்சாரம் நின்று, தையல் மெஷின்களும் கூடவே நின்றன. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் உடனே வந்து சரிசெய்தார் என்றாலும், எந்தச் சுவரில் எதைச் செருகலாம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் அவருக்கும் அலைச்சல் இல்லை, எங்களுக்கும் நேரம் மிஞ்சியிருக்கும்.

சாப்பாட்டுக்கென்று கதவுள்ள தனியறை இருப்பதைப் பாராட்டியே ஆக வேண்டும், ஏனெனில் ஒரு சொட்டு எண்ணெய் போதும், பல வார உழைப்பைக் கெடுக்க. மஞ்சள்கறை பருத்தியில் பிடித்தால் போகாது என்பதால், நாங்கள் இருவரும் எலுமிச்சைச் சாதத்தைத் தவிர்த்துத் தேங்காய்ச் சாதமும் தயிர்ச் சாதமும் கொண்டுபோனோம். தோழியர் கொண்டுவந்தவை அந்த வட்டாரத்துக்கே உரிய கோழி-சோளச் சூப்பும், காய்களையும் பயறுகளையும் இனிப்பும் புளிப்புமாக ஊறவைத்த சௌசௌவும் (நம் ஊர்ச் சௌசௌக் காய்க்கும் இதற்கும் தொடர்பில்லை), கரும்புப் பாகில் செய்த ‘ஷூஃப்ளை பை’ என்னும் இனிப்புப் பண்டமும். அந்தப் பண்டத்தின் அடிப்பகுதியில் தங்கியிருந்த கரிய பாகு, கருப்பட்டிப் பாகை அப்படியே நினைவூட்டியது. தயிர்ச் சாதத்துக்குச் சௌசௌவைத் தொட்டுக்கொண்ட எழுபது வயதுத் தோழி, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் அன்று தைத்துக்கொண்டிருந்தது ‘லாக் கேபின்’ (மரக்கட்டை வீடு) என்னும் கட்டம். அதன் நடுவிலுள்ள சிவப்புச் சதுரம் வீட்டின் அடுப்பைக் குறிக்கும் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கையிலிருந்த துண்டைக் காட்டி அவர் அதைச் சொன்னபோது, எங்களுக்கு இப்படி ஒரு நாள் ஏன் இவ்வளவு தாமதமாக வாய்த்தது என்று மனம் ஏங்கியது.

முன்கடையில் பருத்தித் துணி கெஜம் 13 டாலர். அறையை எடுத்தவர்களுக்கு அன்று பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு. கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது என்பதால், ஊசியையே புதிதாகப் பிடிப்பவர்கள் தைக்கத் தெரிந்த ஒருவரோடு போவது நல்லது. மேல்துணியைத் தைத்து முடித்துவிட்டு, தரையில் விரிக்கத் தயங்கி அலமாரியில் மடித்து வைத்திருப்பவர்கள், நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு தயங்காமல் போகலாம். அடித்துணியும் பஞ்சு விரிப்பும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக இருக்குமாறு வீட்டிலேயே வெட்டி எடுத்துச் செல்லுங்கள்.