ஹார்ட் டிஸ்கைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்: 168 சிங்கப்பூர் வெள்ளியும் போச்சு, அப்பாவின் வீடியோக்களும் போச்சு

நேற்று மாலை நடந்தது. இரவெல்லாம் தூக்கம் இல்லை, ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஊரிலிருந்து வந்து சிங்கப்பூரில், அங் மோ கியோவில் எங்களோடு இருக்கிறார். அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோவை டிவியில் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவர் சேர்த்து வைத்த வீடியோ எல்லாம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில். மேலே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, நீல பால்பாயிண்ட் பேனாவில் ‘வீடு – 2011 முதல்’ என்று தன் கையாலேயே எழுதியிருந்தார்.

டிவியோடு இருக்கும் ஸ்ட்ரீமிங் பிளேயரில் யுஎஸ்பி துளை இருக்கிறது. செருகினேன். டிஸ்கில் விளக்கு எரிந்தது, உள்ளே சுற்றும் சத்தமும் கேட்டது. ஆனால் பிளேயர் அடையாளம் காணவே இல்லை. வேறு வயர் மாற்றினேன், அணைத்துப் போட்டேன். மின்சாரம் போதவில்லையோ என்று, தனியாக மின்சாரம் எடுக்கும் யுஎஸ்பி ஹப் ஒன்றைக்கூட இரவல் வாங்கிப் பார்த்தேன். பழைய யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும், சில டிஸ்குக்கு அது பத்தாது. அதுவும் காரணம் இல்லை. ‘ஃபார்மெட் செய்யவா?’, அதாவது உள்ளே இருப்பதை நீக்கி டிஸ்கைப் புதிதாக அமைக்கவா என்று பிளேயர் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். அவ்வளவு கவனமாக இருந்தேன்!

அப்புறம்தான் அந்தக் கடைக்குப் போனேன். ஒரு கடைத்தொகுதியின் மூன்றாவது மாடியில், கணினி பழுதுபார்க்கும் சின்னக் கடை. பெயர் சொல்லப் போவதில்லை. உள்ளே இருந்த தம்பி தமிழில் பேசினார். எந்த ஊர் என்று கேட்டார், பட்டுக்கோட்டை என்றேன். “அட, எங்க சித்தி வீடு அங்கதாண்ணே!” என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது. அப்பா வீடியோ, வேறு பிரதி கிடையாது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன். “உள்ள இருக்கிறத முதல்ல காப்பி எடுத்துட்டுத்தாண்ணே கை வைப்போம். நம்ம ஆளுங்ககிட்ட வேற மாதிரி செய்வோமா?” என்றார். செக்கிங் 48 வெள்ளி, டேட்டா ரெக்கவரி 120 வெள்ளி. மொத்தம் 168 வெள்ளி. அங்கேயே, வங்கிக் கணக்கிலிருந்து போன் வழியாக உடனே பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பினேன்.

நேற்று வாங்கப் போனேன். கடையில் இருந்த டிவியில் செருகிக் காட்டினார். “பாருங்கண்ணே, இப்ப தெரியுது.” தெரிந்தது. உள்ளே மூன்று சினிமாப் படங்கள். சோதித்துப் பார்க்க அவர்களே போட்டவை. டிஸ்கை ஃபார்மெட் செய்துவிட்டார்கள், அப்பாவின் வீடியோ ஒன்றுகூட இல்லை. மேலே ஒட்டியிருந்த தாளையும் காணோம். பசை மட்டும் விரலில் ஒட்டியது.

காப்பி எங்கே தம்பி என்று கேட்டால், “டிஸ்க் ஏற்கெனவே கெட்டுப்போச்சுண்ணே, ஒண்ணும் எடுக்க முடியல.” எடுக்க முடியவில்லை என்றால் 120 வெள்ளி எதற்கு? “முயற்சிக்கான கூலி.” ஃபார்மெட் செய்யும் முன் ஒரு போன் போட்டிருக்கலாமே? “முதலாளியைக் கேளுங்க.” முதலாளி எங்கே? “வெளியூர்ல இருக்காரு.” இரவு வாட்ஸ்அப்பில் நாலு செய்தி அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. இன்று காலை கூப்பிட்டால் மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. ஊர் பேரைச் சொல்லி உறவு கொண்டாடிய அதே தம்பி!

அண்ணன் மகள் கேட்ட கேள்விதான் நெஞ்சில் நிற்கிறது. “சித்தப்பா, தாத்தா என் பழைய ஆப்பிள் லேப்டாப்பிலதானே இதையெல்லாம் போட்டு வச்சாரு? அதுல செருகிப் பாத்தீங்களா?” டிஸ்கில் பழுதே இல்லை. ஆப்பிள் கணினிக்கென்று ஃபார்மெட் செய்த டிஸ்க் அது. எங்கள் பிளேயரின் கையேட்டைப் பார்த்தேன். ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் என்ற மூன்று வகை ஃபார்மெட்டைத்தான் படிக்குமாம், ஆப்பிளுடையது அதில் இல்லை. ஆப்பிள் கணினியில் திறந்து, எக்ஸ்ஃபேட்டில் உள்ள வேறொரு டிஸ்குக்கு மாற்றினால் வேலை முடிந்திருக்கும். 168 வெள்ளி வாங்கும் கடைக்காரருக்கு இது தெரியாதா?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். பிளேயர் படிக்கவில்லை என்றால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எந்தக் கணினியில் எழுதினீர்களோ அதில் முதலில் செருகுங்கள். பிரதி எடுக்காமல் டிஸ்கை யாரிடமும் கொடுக்காதீர்கள். ‘ஃபார்மெட் செய்யக் கூடாது’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. தப்பித் தவறி ஃபார்மெட் ஆகிவிட்டால் அதில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். சீக்கிரம் முடியும் ‘குயிக் ஃபார்மெட்’ என்றால் உடனே எல்லாம் அழிந்துவிடுவதில்லை, மேலே வேறு எழுதினால்தான் அந்த இடம் போகிறது. மூன்று படங்களை அவர்கள் ஏற்றியதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

டிஸ்கை இப்போது யாரும் தொடாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். அண்ணன் மகளுக்குத் தெரிந்த ஒருவர், மிஞ்சியதை மீட்க முடியுமா என்று சனிக்கிழமை வந்து பார்க்கிறார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

168 வெள்ளியை விடப் போவதில்லை. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம். என்னுடையது போன்ற சின்னத் தொகைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளிதான். ‘டேட்டா ரெக்கவரி 120’ என்று அச்சடித்த ரசீது கையில் இருக்கிறது, பேநவ் பதிவும் இருக்கிறது. நாளை கடை திறக்கும் நேரத்துக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் நிற்கிறேன்.